அவசரம் இல்ல

அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் யாமினியைத் தூக்கமில்லாமல் விட்டுவிட்டு வந்தோம். அதற்கான காரணத்தை, புதிதாகப் படிப்பவர்களுக்காகவும் சேர்த்து, முறையாக ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

நகரியிலிருந்து திருப்பதிக்கு வந்த தனசேகர், பைராகிப்பட்டேடாவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்தும் சிறிய நிறுவனம் ஸ்ரீதேவி டேட்டா சர்வீசஸ். சித்தூரில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகளைக் கணினியில் பத்திரமாக வைத்து, நோயாளிகளின் போனுக்கு அனுப்புவது அதன் வேலை. அந்தக் கணினிகளுக்குக் காவலாக இருப்பவள் தனசேகரின் தம்பி மனைவி யாமினி.

போன சனிக்கிழமை, மூடிப்போன வடமாலபேட்டை கிளையின் பழைய ஐடி வழியாக யாரோ உள்ளே நுழைந்திருப்பதை அவள் பார்த்தாள். ‘ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடலாமா மாமா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பதில் வந்தது. ‘அவசரம் இல்ல.’

சரி, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளின் வீடுகளுக்குப் போன் வரத் தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒரு குரல், பரிசோதனை முடிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியது. மறு பரிசோதனைக்கு முன்பணம் அனுப்பச் சொன்னது.

இன்று வியாழன். சித்தூரில் விசாரணை.

மருத்துவமனையோடு போட்ட ஒப்பந்தத்தில் பதினோராவது ஷரத்து இதைப் பற்றியது. வெளியாள் நுழைந்தாலும், நுழைந்ததாகச் சந்தேகம் வந்தாலும், தெரிய வந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டிய ஆள் என்று யாமினியின் பெயர் அதில் இருக்கிறது. தெரிவிப்பது தாமதமானால் எச்சரிக்கை வரும், திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. தெரிந்தே மறைத்தால் அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது.

தாமதமா, மறைப்பா? இன்று சித்தூரில் கேட்கப்போவது அதைத்தான்.

*

காலையில் மாமியார் கமலம்மா பாசிப்பயறு மாவில் பெசரட்டு வார்த்துக்கொண்டிருந்தாள். தனசேகர் சமையலறையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். யாமினி வாசலோரம் தட்டோடு நின்றாள். அவளுக்கு இறங்கவில்லை.

“ஸ்ரீஹரி ராத்திரிக்கு வந்துடுவான்” என்றாள் கமலம்மா. “கங்கம்மா ஜாத்திரைக்கு லீவு குடுத்துட்டாங்களாம். அவன் வரச்சே நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நிக்காதீங்க.”

ஸ்ரீஹரி யாமினியின் கணவன். அண்ணனோடு மனஸ்தாபம் வந்து, எட்டு மாதத்துக்கு முன்பு இந்த நிறுவனத்தை விட்டுப்போனவன். இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடுமுறைக்கு மட்டும் வருகிறான்.

“வரட்டும்” என்றான் தனசேகர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“இன்னொண்ணு ஊத்தட்டா? அங்க எப்ப உடுவாங்களோ இன்னாவோ.”

“அவசரம் இல்லம்மா.”

கமலம்மா அடுப்பை அணைத்தாள். மாவுப் பாத்திரத்தை மூடினாள். அதைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

யாமினி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாக ஊற்றுங்கள் என்று ஒருவன் சொன்னால், யாராவது அடுப்பை அணைப்பார்களா?

தனசேகர் கை கழுவப் போனதும் கேட்டாள். “அத்தே, அவரு இப்ப அவசரம் இல்லன்னு சொன்னாரே. அதுக்கு என்னா அர்த்தம்?”

“இன்னாம்மா கேக்குற? வேணாம்னு அர்த்தம்.”

“மெதுவாப் போடுங்கன்னு இல்லையா?”

“மெதுவாப் போடுன்னு சொல்றதுக்கு அவன் இன்னா புது மாப்பிள்ளையா?” கமலம்மா சிரித்தாள். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “ஏம்மா, இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல அத்தே.”

யாமினி திண்டிவனத்துப் பெண். அங்கே அவசரம் என்றால் வேகம். தெலுங்கில் அதே சொல்லுக்குத் தேவை என்று பொருள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசி வளர்ந்த இந்த நகரி வீட்டில் இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மூன்று வருடமாக இந்த வீட்டில் சாப்பிட்டும் அவளுக்கு அது உறைக்கவில்லை.

அவளுக்கு வந்த பதிலின் பொருள் ‘மெதுவாகச் சொல்லலாம்’ இல்லை. சொல்லவே வேண்டாம்.

*

தனசேகர்தான் காரை ஓட்டினான். கார் சந்திரகிரியைத் தாண்டியது. மாங்காய் ஏற்றிய லாரிகள் முன்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

“மாமா, சனிக்கிழமை நீங்க போட்ட மெசேஜ்.”

“ம்.”

“அதுக்கு எனக்கு இன்னைக்குக் காலைலதான் அர்த்தம் புரிஞ்சுது.”

தனசேகர் திரும்பிப் பார்த்தான். “நீ இன்னான்னு எடுத்துக்கினே?”

“அவசரப்பட வேணாம், திங்கட்கிழமை சொல்லிக்கலாம்னு.”

அவன் மூச்சை நீளமாக விட்டான். ஐந்து நாளாக இறுகிக் கிடந்த தோள்கள் இறங்கின.

“அப்பிடியா எடுத்துக்கினே? நெஜமாவா?”

“நெஜமாத்தான்.”

“அப்ப அதையே சொல்லும்மா. சொல்லலாம்னுதான் இருந்தோம், லேட் ஆயிடுச்சுன்னு சொல்லு. நீ பொய் சொல்ல வேண்டியதே இல்ல. நீ புரிஞ்சிக்கினது அதானே?”

“நான் புரிஞ்சிக்கிட்டது அதான். நீங்க சொன்னது அது இல்லையே.”

“நான் சொன்னது யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும்.”

தனசேகர் ஒரு லாரியை முந்தப் பார்த்து, எதிரே பஸ் வருவதைக் கண்டு பின்வாங்கினான்.

“இத கேளு யாமினி. ஆபீஸ்ல பதினோரு பேரு இருக்காங்க. இந்த ஆஸ்பத்திரி இல்லன்னா அடுத்த மாசம் ஷட்டர இறக்கிட வேண்டியதுதான். நம்ம ஊட்டுப் பாஷை நம்மளக் காப்பாத்துதுன்னா அத வேணாம்னு சொல்லுவியா நீ?”

“என் மேலயும் தப்பு இருக்கு மாமா. அக்ரிமென்ட்ல என் பேருதான் போட்டிருக்கு. உங்களக் கேட்டிருக்கவே கூடாது. பார்த்த உடனே எழுதியிருக்கணும். பெரியவர ஒரு வார்த்தை கேட்டுப் பண்ணலாம்னு நின்னேன். வீட்டுல பழகின மாதிரியே ஆபீஸ்லயும் பழகிட்டேன்.”

“மரியாதைக்குக் கேட்டே. அதுல இன்னா தப்பு?”

“அந்த மரியாதைக்கு நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை வந்துட்டுதே.”

தனசேகர் முன்னால் போன லாரிக்கு ஹார்ன் அடித்தான்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றாள். “ஏன் வேணாம்னு நெனச்சீங்க? திருடன் உள்ள வந்திருக்கான்னு சொன்னா யாராவது வேணாம்னு சொல்லுவாங்களா?”

தனசேகர் ஸ்டீயரிங்கை விரலால் தட்டினான். சாலையை மட்டும் பார்த்தான்.

“அத உடு” என்றான்.

பூதலப்பட்டு வந்தது. காணிப்பாக்கம் போகிற பஸ் ஒன்று அவர்களைத் தாண்டித் திரும்பிப் போனது.

*

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஒப்பந்தங்களைப் பார்க்கும் அதிகாரி நாகபூஷணத்தின் அறை. ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு அடியில் ஒரு பெயிண்ட் டப்பா வைத்திருந்தார்கள். நாகபூஷணம் சித்தூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். எதிரே இருப்பவருக்கு எது வசதியோ அதில் பேசுவார்.

“ரண்டி, கூச்சோண்டி” என்று நாற்காலியைக் காட்டினார். “காபி குடிக்கறீங்களா, மோரா?”

“எதுவும் வேணாங்க சார்” என்றாள் யாமினி.

“அப்ப நேரா விஷயத்துக்கு வரேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணப் பத்திச் சொல்லிடறேன். வெதுருகுப்பத்துப் பக்கம். பேரு தரணி. கல்யாணமாகி நாலு வருஷம், கொழந்த இல்ல. புருஷனுக்கு மட்டும் சொல்லிட்டு இங்க வந்து டெஸ்ட் பண்ணிக்கினு போச்சு. நம்பர் குடுக்கறப்ப ஊட்டு நம்பர குடுத்துருச்சு. ஞாயித்துக்கிழமை போன எடுத்தது மாமியாரு.”

தனசேகர் தலை குனிந்துகொண்டான்.

“ஒருத்தன் ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டியிருக்கான். அந்தப் பொண்ணு அன்னிக்கு சாயந்திரமே அம்மா ஊட்டுக்குப் போயிடுச்சு. நேத்து அதோட நைனா இங்க வந்தாரு. நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அந்தச் சேர்லதான். சண்டை போடல. எம் பொண்ணு ஒடம்பப் பத்தின விஷயம் யாரு கையில இருந்துச்சுன்னு மட்டும் கேட்டாரு. என்னால சொல்ல முடியல.”

யாமினிக்குத் தரணியின் முகம் தெரியாது. ஆனாலும், தன் வீட்டுக் கூடத்தில் போன் அடிப்பதும், கமலம்மா போய் எடுப்பதும் அவள் கண்ணுக்குள் வந்துவிட்டது. அதை விரட்ட முடியவில்லை.

“சனிக்கிழமையே எழுதியிருந்தா அந்த ஐடிய அன்னிக்கே மூடியிருப்போம்” என்றார் நாகபூஷணம். “ஜனங்களுக்கும் மெசேஜ் அனுப்பியிருப்போம். சரி. நீங்க அனுப்பின பேப்பர் எல்லாம் பாத்தேன். சனிக்கிழமையே பாத்துட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அத நான் மதிக்கிறேம்மா. முதலாளியக் கேட்டேன்னும் எழுதியிருக்கீங்க. அவரு பதிலும் இதுல இருக்குது.”

அவர் ஒரு தாளைத் திருப்பி வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

“அவசரம் இல்ல. இத நான் படிச்சா ஒரு அர்த்தம். எங்க மேனேஜ்மென்ட்ல சென்னைக்காரர் ஒருத்தரு இருக்காரு, அவரு படிச்சா வேற அர்த்தம். நேத்து இதுக்கே அரை மணி நேரம் சண்டை. தமிழ் அவசரம்னா லேட். தெலுகு அவசரம்னா மறைச்சிட்டீங்க. எது?”

அவர் யாமினியைத்தான் பார்த்தார். தனசேகரும் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

ஒரு வாக்கியம் போதும். அது பொய்யும் இல்லை. ‘அவசரப்பட வேண்டாம் என்று புரிந்துகொண்டேன்.’ அவ்வளவு சொன்னால் பதினோரு பேருடைய வேலை பிழைக்கும். தனசேகர் தப்பித்துக்கொள்வான். அவளும் தப்பித்துக்கொள்வாள். சொல்லாமல் விட்ட பாதியை யாரும் கேட்க மாட்டார்கள்.

“நான் தமிழ் அவசரம்னுதான் சார் புரிஞ்சிக்கிட்டேன்” என்றாள். “திங்கட்கிழமை எழுதலாம்னு இருந்தேன். அது என் தப்பு.”

நாகபூஷணம் குறித்துக்கொண்டார்.

“ஆனா நான் அத எழுதல சார். படிச்சேன். எழுதினவரு இங்கதான் இருக்காரு. அவரு எந்த அவசரத்த எழுதினாருன்னு அவரக் கேளுங்க.”

தனசேகரின் கை நாற்காலிப் பிடியில் இறுகியது. யாமினி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

“செப்பண்டி தனசேகர்காரு, சொல்லுங்க” என்றார் நாகபூஷணம், தணிந்த குரலில்.

தனசேகர் நிமிர்ந்தான். “தெலுகு அவசரமே சார்.”

“அதாவது, சொல்ல வேண்டாம்.”

“ஆமா சார்.”

“ஏன்?”

“அந்த ஐடியப் பாத்ததும் எனக்கு ஆளு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சிக்கினேன்.” அவன் மேஜையிலிருந்த தாளைப் பார்த்தான். “வடமாலபேட்டை கிளைய நடத்தினது என் தம்பி சார். ஸ்ரீஹரி. அந்த ஐடி அவன்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. கிளைய மூடினப்ப அத ரத்து பண்ணாம விட்டது நான். கோவிச்சுக்கினு போன பையன், பழைய கணக்கு எதையோ எட்டிப் பாக்குறான் போலன்னு நெனச்சேன். பாத்துட்டுப் போவட்டும், ஊட்டு விஷயம், இத ஆஸ்பத்திரிக்குச் சொல்லணுமான்னு தோணிச்சு.”

யாமினி அப்போதுதான் திரும்பினாள்.

அந்தக் கிளை அவள் கல்யாணத்துக்கு முன்பே மூடிப்போனது. அதை நடத்தியது யார், அந்த ஐடி யாருடையது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கிளை மூடப்பட்டது என்று மட்டும்தான் பதிவில் இருந்தது.

“உங்க தம்பின்னா...” நாகபூஷணம் அவளைப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரர் சார்” என்றாள் யாமினி.

நாகபூஷணம் கண்ணாடியை மறுபடி கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஒப்பந்தத்த என்ன பண்றதுன்னு மேனேஜ்மென்ட் சொல்லும். அது என் கையில இல்ல” என்றார். “என் கையில இருக்கறது இது. இப்ப உங்களுக்கு ஒரு சந்தேகம் தெரிய வந்திருக்குது. அதையும் நீங்கதாம்மா எழுதித் தரணும். உங்க பேருதான் இருக்குது. வேற யார் எழுதினாலும் செல்லாது. அவருதான் பண்ணினாருன்னு எழுத வேணாம். சந்தேகம்னு எழுதினா போதும். விசாரிக்கறவங்க பாத்துக்குவாங்க. அதுவரைக்கும் அவருகிட்ட இதப் பத்தி மூச்சு விடக் கூடாது. அதுவும் அதே ஷரத்துதான்.”

“நான் எழுதறேன் சார்” என்றான் தனசேகர். “யாமினிய எதுக்கு...”

“வேணாம் மாமா” என்றாள் யாமினி. “பேப்பர் குடுங்க சார்.”

கணவனின் பெயரை அவள் இதுவரை எழுதியதெல்லாம் ரேஷன் கார்டுக்கும் கேஸ் இணைப்புக்கும்தான். இன்றும் அதே எழுத்துகள்தான். முடிக்க வெகுநேரம் பிடித்தது.

*

திரும்பும்போது பூதலப்பட்டுக்கு முன்னால் தனசேகர் ஒரு டீக்கடையில் காரை நிறுத்தினான். இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை ஜன்னல் வழியாக அவளிடம் கொடுத்தான்.

“நீ என்னக் காட்டிக் குடுத்துட்டேன்னு நான் நெனைக்கலம்மா.”

“நெனச்சாலும் பரவாயில்ல மாமா.”

“அவன் பண்ணியிருப்பான்னு நீ நம்புறியா?”

யாமினி டீயைக் குடிக்கவில்லை. “நம்பல. ஆனா நம்பாததுனால எழுதாம இருக்க முடியாதே.”

அவள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ஸ்ரீஹரி.

தனசேகர் பெயரைப் பார்த்துவிட்டு, தன் டம்ளரோடு கடைப் பக்கம் நடந்து போனான்.

“கெளம்பிட்டேன் யாமினி” என்றான் ஸ்ரீஹரி. பின்னால் பஸ் சத்தம் கேட்டது. “துன்னியா?”

“ம். சாப்பிட்டேன்.” அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

“அம்மா சொன்னாங்க, நீயும் அண்ணனும் சித்தூர் போயிருக்கீங்கன்னு. ஆஸ்பத்திரி வெவகாரமாமே.”

“ஆமா.”

ஸ்ரீஹரி குரலைத் தாழ்த்தினான்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆபீஸ் விஷயம்தான். நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். இப்பவே சொல்லிடட்டா?”

யாமினி கண்களை மூடிக்கொண்டாள். மனைவியாகக் கேட்டால் அது அவளோடு நிற்கும். ஆனால் இன்று மதியத்திலிருந்து, இந்த விஷயத்தில் அவள் காதில் விழுகிற ஒரு சொல்லும் அவளோடு நிற்கப் போவதில்லை. அது அவனுக்குத் தெரியாது. உன் மேல் சந்தேகம் என்று சொல்ல அவளுக்கு அனுமதியும் இல்லை. கேட்காமல் போனை வைத்துவிடலாம். வைத்துவிட்டு, ராத்திரி அவனுக்கு எப்படிச் சோறு போடுவாள்?

“என்னங்க” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட நிதானமாக வந்தது. “என் வேலை என்னான்னு உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் விஷயம்னு நீங்க எதைச் சொன்னாலும் நான் எழுதிக் குடுக்கணும். வீட்டுக்காரரு சொன்னாருன்னு விட்டுட முடியாது. சொல்றதுக்கு முன்னாடி அத யோசிச்சுக்குங்க.”

கண்டக்டர் ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. யாமினியின் கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. கடைப் பக்கம் தனசேகர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

“யோசிச்சிட்டேன்” என்றான் ஸ்ரீஹரி. “எழுதிக்கோ.”